காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

  



தெஹிவளையில் காலி வீதியைக் கடப்பதற்காகச் சில நிமிடங்கள் காத்து நிற்காதவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. பஸ் வண்டிகளின் இரைச்சலும் முச்சக்கர வண்டிகளின் புகையும் நிறைந்த இந்த வீதியில் ஒரு காலத்தில் குதிரைகளின் குளம்பொலி கேட்டது. கரையோரப் புகையிரதப் பாதை வருவதற்கு முன்னர் தபால் பொதிகளையும் பயணிகளையும் ஏற்றிக்கொண்டு இவ்வழியே குதிரை வண்டிகள் ஓடின. அந்தக் குதிரைகள் எங்கே பிறந்தன? அவற்றுக்கு யார் தீனி வைத்தார்கள்? இழுக்க முடியாத வயது வந்தபோது அவற்றுக்கு என்ன நேர்ந்தது? வீதிகளுக்கு ஆளுநர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. குதிரைகளைப் பற்றி எந்தக் கல்வெட்டும் இல்லை.

இன்று உங்களோடு குதிரையைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். குதிரை வளர்க்கும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் இந்த வரலாறு ஓர் உயிரைச் சொந்தமாக்கிக்கொள்பவன் எதற்கெல்லாம் பொறுப்பாளியாகின்றான் என்பதைப் பற்றியது. அந்தப் பொறுப்பிலிருந்து விலகிநிற்கும் வீடு எதுவுமில்லை.

கடல் கடந்த வணிகம்

தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் குதிரை கடல் வழியாக வந்த வரலாறு மிகப் பழையது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல் வழியே வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. நம் நாட்டின் மகாவம்சம், அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆட்சி செய்த சேனன், குத்திகன் என்னும் இரு தமிழர்களை, குதிரைகளைக் கப்பலில் கொண்டுவந்த வணிகர் ஒருவரின் புதல்வர்கள் என்று அறிமுகப்படுத்துகின்றது. இது கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டுச் செய்தி.

பிற்காலத்தில் இவ்வணிகத்தின் பெரும்பகுதி அரபு, பாரசீக முஸ்லிம்களின் கைக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டின் காயல் துறைமுகம் அதன் மையமாக விளங்கியது. தாமிரபரணி ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த பட்டினம் அது. அதன் அண்மையில் உள்ள காயல்பட்டினத்தோடு கொழும்பு முஸ்லிம்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வணிக உறவும் திருமண உறவும் உண்டு. ஆகவே இது நமக்கு அந்நிய வரலாறு அல்ல.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இவ்வணிகத்தைக் கணக்கோடு எழுதிவைத்துள்ளார். கைஸ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் என்னும் பெருவணிகர், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைத் தமிழகக் கரைக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரின் அமைச்சராகவே பணியாற்றினார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார்கள். அதாவது, ஜமாலுத்தீனின் குதிரைகளுக்கு மட்டும் ஆண்டொன்றுக்கு 3,08,000 தீனார்கள். அதற்கு முந்திய தலைமுறையில் பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து இந்தியாவின் பல துறைமுகங்களுக்கும் ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் ஏற்றுமதியாயின என்றும் அவர் குறிப்பிடுகின்றார்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. கடற் பயணத்தில் குதிரை காயமடைந்தாலும் இறந்தாலும் அதன் விலையை மன்னரின் திறைசேரியே செலுத்த வேண்டும் என்பதே அது. வணிகருக்கு அது பாதுகாப்பு. குதிரைக்கு அது பாதுகாப்பாக இருந்திருக்குமா? சற்று எண்ணிப் பாருங்கள். உயிரோடு இறங்கினாலும் 220 தீனார்கள், இறந்து போனாலும் 220 தீனார்கள் என்றால், நள்ளிரவில் ஆடும் கப்பலில் எழுந்து சென்று அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டிய அவசியம் வணிகரின் பணப்பைக்கு இல்லை. அவருடைய உள்ளத்துக்கு மட்டுமே இருந்தது.

இவ்வழக்கம் நெடுங்காலம் தொடர்ந்தது. விஜயநகரத்தைப் பற்றி எழுதிய நூனிஸ் என்னும் போர்த்துக்கேயர், சாளுவ நரசிம்மர் கடலில் இறந்த குதிரைகளுக்கும் விலை கொடுத்தார் என்றும், வணிகர் இறந்த குதிரையின் வாலை மட்டும் காட்டினால் போதுமாயிருந்தது என்றும் பதிவு செய்துள்ளார்.

ஆண்டு முடிவில் எஞ்சியவை

வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ ஏறத்தாழ 1292ஆம் ஆண்டளவில் இக்கரையைக் கண்டவர். ஐந்து சகோதர மன்னர்கள் இப்பகுதியை ஆண்டனர் என்றும், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்க விரும்பினர் என்றும் அவர் கூறுகின்றார். அடுத்து அவர் தரும் செய்தி நெஞ்சை உலுக்குவது: ஆண்டு முடியும்போது அவற்றில் நூறு கூட எஞ்சுவதில்லை.

அவர் இரண்டு காரணங்களைக் கூறுகின்றார். முதலாவது, வாங்கியவர்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியாது. சமைத்த சோற்றையும் இறைச்சியையும் அதற்குத் தீனியாக இட்டார்கள். இரண்டாவது, லாடம் கட்டி வைத்தியமும் பார்க்கும் தொழிலாளிகளை வணிகர்கள் தம்மோடு அழைத்து வரவில்லை. அதுமட்டுமன்றி, அத்தகையவர்கள் இங்கு வருவதையும் தடுத்தார்கள். குதிரைகள் நீண்ட காலம் வாழ்ந்தால் அடுத்த ஆண்டு விற்பனை குறைந்துவிடுமே என்ற அச்சம்!

வஸ்ஸாஃபின் நூலிலும் குதிரைகளின் அவலம் உண்டு. பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையையும் நெய்யில் பிசைந்த தானியத்தையும் கொடுத்தார்கள். காய்ச்சிய பசும்பாலைப் பருகக் கொடுத்தார்கள். 40 நாட்கள் முளையடித்துக் கயிற்றால் கட்டிக் கொழுக்க வைத்தார்கள். பின்னர் எவ்விதப் பயிற்சியுமின்றி ஏறி வெறித்தனமாக விரட்டினார்கள். காற்றைப் போல் பறந்த குதிரைகள் சில காலத்துக்குள் தளர்ந்து பயனற்றுப் போயின என்று அவர் வருந்துகின்றார்.

நாம் நீதியோடு பேச வேண்டும். வஸ்ஸாஃப் குற்றத்தை வாங்கியவர் மீதே சுமத்துகின்றார். வணிகர்கள் வைத்தியரைத் தடுத்தார்கள் என்பது மார்க்கோ போலோவின் கூற்று. அவரும் ஒரு வணிகக் குடும்பத்தவர், போட்டி நிறைந்த உலகிலிருந்து வந்தவர். எனவே ஒருவருடைய சொல்லைக் கொண்டு ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்குவது முறையன்று. எனினும் ஒன்றை மறுக்க முடியாது. ஆண்டாண்டு காலம் ஆயிரக்கணக்கான குதிரைகள் இங்கு வந்தன. அவற்றைக் காக்கும் அறிவு அதே அளவில் வரவில்லை. நம் முன்னோர்கள் என்று நாம் பெருமையோடு சொல்லும் வணிகர்களின் கணக்கேட்டில் இந்த வரியும் இருக்கின்றது. பெருமையை மட்டும் படித்து இதனைத் தாண்டிச் செல்வது வரலாறு படிப்பதாகாது.

அறிவு இல்லாமல் போனதா?

அந்த அறிவு உலகில் இல்லாதிருந்தால் நாம் எவரையும் நோகத் தேவையில்லை. ஆனால் அது இருந்தது.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் நடைபெற்ற குதிரைப் பந்தயத்தைப் பற்றி இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ளது. பயிற்சி அளிக்கப்பட்ட குதிரைகளுக்கு அல்ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம். அது ஐந்து அல்லது ஆறு மைல். பயிற்சி அளிக்கப்படாத குதிரைகளுக்கோ அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறத்தாழ ஒரு மைல் மட்டுமே. பயிற்சி பெறாத குதிரையிடம் பயிற்சி பெற்றதன் ஓட்டத்தைக் கேட்கக் கூடாது என்ற நீதி அதில் இருந்தது.

அந்தப் பயிற்சியை அரபிகள் 'இள்மார்' என்றார்கள். முதலில் நன்கு தீனியிட்டு உடலைத் தேற்றுவார்கள். பின்னர் தீனியைத் தேவையான அளவுக்குக் குறைத்து, துணி போர்த்தி வியர்க்க வைத்து, தசையை இறுகச் செய்து, சிறிது சிறிதாக ஓட்டத்துக்குத் தயாராக்குவார்கள். இப்போது காயலில் 40 நாட்கள் கட்டிவைத்துக் கொழுக்க வைத்த கதையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொழுக்க வைக்கும் முதற்பாதி இருந்தது; தயாராக்கும் பிற்பாதி இல்லை. அரைகுறை அறிவு அழகான குதிரையைக் கொன்றது.

நபி (ஸல்) அவர்கள் தமது மேலாடையால் தமது குதிரையின் முகத்தைத் துடைத்துவிட்ட செய்தி முவத்தாவில் உண்டு. விலங்கின் முகத்தில் சூடிடுவதை அவர்கள் தடுத்தார்கள். பட்டினி போட்டு வேலை வாங்கிய ஒட்டகத்தின் உரிமையாளரைக் கண்டித்த சம்பவமும் உங்களுக்குத் தெரிந்ததே.

இவ்வழியில் வந்த சமூகம் மிருக வைத்தியத்தை ஒரு கலையாகவே வளர்த்தது. அதில் வல்லவரைப் 'பைத்தார்' என்று அழைத்தனர். 9ஆம் நூற்றாண்டில் அப்பாஸியரின் குதிரை லாயத்துக்குப் பொறுப்பாயிருந்த இப்னு அகீ ஹிஸாம் குதிரையியல் பற்றி நூல் எழுதினார். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கெய்ரோவில் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் மிருக வைத்தியரான அபூபக்ர் இப்னு பத்ர், குதிரை வளர்ப்பையும் குதிரை வைத்தியத்தையும் சேர்த்து ஒரு பெருநூலை ஆக்கினார். அவருடைய தந்தையும் பைத்தாரே. அந்நூல் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவிலும் வாசிக்கப்பட்டது.

காலத்தைக் கவனியுங்கள். காயல் துறையில் குதிரைகள் இறங்கிக்கொண்டிருந்த தலைமுறைக்கும் கெய்ரோவில் அந்நூல் எழுதப்பட்ட தலைமுறைக்கும் இடையில் பெரிய இடைவெளி இல்லை. கடலின் ஒரு கரையில் அறிவு நிறைந்திருந்தது. மறு கரையில் குதிரைகள் மடிந்துகொண்டிருந்தன. இடையில் சென்றுவந்த கப்பல்களில் பொன் ஏறியது, புத்தகம் ஏறவில்லை.

ஒரு குதிரையின் ஆயுள்

இன்றைய மிருக வைத்திய அறிவைக் கொண்டு பார்த்தால் அக்குதிரைகள் ஏன் மடிந்தன என்பது ஓரளவு விளங்குகின்றது.

குதிரையின் இரைப்பை அதன் உடலுக்குச் சிறியது. நாளின் பெரும்பகுதியில் புல்லைச் சிறிது சிறிதாக மேய்வதற்கென்றே அல்லாஹ் அதனைப் படைத்திருக்கின்றான். அதனால் வாந்தி எடுக்க முடியாது. மாவுச்சத்து மிகுந்த தீனியை ஒரே நேரத்தில் அதிகமாகக் கொடுத்தால் கடும் வயிற்றுவலி உண்டாகி உயிரையே பறித்துவிடும். அதே தீனியால் குளம்புக்குள் அழற்சி ஏற்பட்டு நிற்கவும் முடியாமல் போகும். சோறும் நெய்த் தானியமும் அன்போடு கொடுக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அவை குதிரையின் உணவல்ல.

கட்டிவைத்துக் கொழுக்க வைத்த குதிரையைத் திடீரென விரட்டினால் அதன் தசைகள் இறுகிச் சிதையும். வாரத்தில் ஒருநாள் ஓய்வில் முழுத் தீனி தின்றுவிட்டு மறுநாள் வண்டி இழுத்த குதிரைகளுக்கு ஐரோப்பாவில் இந்நோய் அடிக்கடி வந்ததால் அதனைத் 'திங்கட்கிழமை நோய்' என்றே அழைத்தார்கள்.

காலநிலையும் ஒரு காரணம். பாலைவனத்தின் வறண்ட வெப்பத்துக்குப் பழகிய குதிரை, நம் கரையோரத்தின் ஈரமான வெப்பத்தில் சில வேளை வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடும். கடிக்கும் ஈக்கள் பரப்பும் 'சுர்ரா' என்னும் நோயும் குதிரைகளைக் கொல்லக்கூடியது. அதன் கிருமியை 1880ஆம் ஆண்டில் கிரிபித் எவன்ஸ் என்ற மிருக வைத்தியர் அன்றைய பஞ்சாபில் கண்டறிந்தார். காயல் மக்களின் காலத்தில் உலகில் எவருக்கும் அது தெரியாது. தெரியாமல் நடந்ததற்கும் தெரிந்தும் மறைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது.

நன்கு பராமரித்தால் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். பிறந்த சில மணி நேரத்துக்குள் குட்டிக்குத் தாயின் சீம்பால் கிடைக்க வேண்டும். நோய் எதிர்ப்பு அதிலேயே இருக்கின்றது. அதன் முதுகெலும்பு முழுமையாக முற்றுவதற்கு ஐந்து, ஆறு ஆண்டுகள் செல்லும். அதற்கு முன் பெருஞ்சுமை ஏற்றுவது பிஞ்சைப் பழுக்க அடிப்பதற்குச் சமம். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ வரை உலர்ந்த புல்லும் 20 முதல் 40 லீற்றர் வரை தண்ணீரும் வேண்டும். வியர்வையில் இழக்கும் உப்பை ஈடுசெய்ய வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் பற்களைப் பார்த்து, கூரிய விளிம்புகளை அராவிவிட வேண்டும். ஏற்புவலி நோய்க்குத் தடுப்பூசியும் குடற்புழுவுக்கு மருந்தும் வேண்டும். தீனியை மாற்றுவதாயின் பல நாட்களில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். இவை எதுவும் வீரக் கதையில் வருவதில்லை. ஆயினும் குதிரையை உயிரோடு வைத்திருப்பது இவையே.

இருபது வயதைக் கடந்ததும் பற்கள் தேய்ந்துவிடும். அப்போது புல்லை நறுக்கி, தீனியை நனைத்து மென்மையாக்கிக் கொடுக்க வேண்டும். அது ஓடாது, சுமக்காது, வருமானம் தராது. ஆனால் பசிக்கும். உரிமையாளனின் உண்மையான சோதனை இந்த வயதில்தான் ஆரம்பமாகின்றது.

நம் நாட்டின் சாட்சிகள்

போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் நெடுந்தீவில் குதிரைகளை வளர்த்தார்கள். ஒல்லாந்தர் கட்டிய லாயத்தின் தூண்கள் இன்றும் அங்கே சிதைந்து நிற்கின்றன. வளர்த்தவர்கள் போய்விட்டார்கள், குதிரைகளின் சந்ததி எஞ்சியது. காட்டுக் குதிரைகளாக அவை அத்தீவில் இன்றும் திரிகின்றன. கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது தாகத்தால் அவை மடிந்த செய்திகளைப் பத்திரிகைகளில் நாம் வாசித்திருக்கின்றோம். 2015ஆம் ஆண்டில் அத்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பேரரசுகள் கைவிட்ட பொறுப்பு இப்போது தண்ணீருக்குத் தாமே அல்லற்படும் ஒரு சிறு தீவின் மக்களின் வாசலில் வந்து நிற்கின்றது.

நம் நாட்டில் மிருகவதையைத் தடுக்கும் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சட்டம் அடிப்பவனைத் தண்டிக்கலாம். தீனி வைக்க மறந்தவனின் மறதியை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்? அதனை விசாரிப்பவன் அல்லாஹ் ஒருவனே. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தியை நாம் சிறு வயது முதல் மத்ரஸாவில் கேட்டிருக்கின்றோம். அவள் அப்பூனையை அடித்ததாக அதில் இல்லை. உணவளிக்கவில்லை, தானே தேடி உண்ணவும் விடவில்லை. அவ்வளவே.

நம் வீட்டு வாசலில்

பெற்றோர்களே! பெருநாளுக்குப் பிள்ளை ஒரு பூனைக்குட்டியைக் கேட்கும். பரீட்சையில் சித்தியடைந்தால் முயலோ கிளியோ மீன் தொட்டியோ கேட்கும். வாங்கிக் கொடுப்பது பாவமன்று. ஆனால் கடைக்காரரிடம் விலையை விசாரிக்கும்போதே, இது எத்தனை ஆண்டுகள் வாழும், என்ன உண்ணும், நோயுற்றால் எங்கே கொண்டு செல்வது என்பதையும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே விசாரியுங்கள். விற்பவர் சொல்லாவிட்டால் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். காயல் துறையில் எவரும் கேட்காமல் விட்ட கேள்விகள் இவை.

பிள்ளையின் ஆசை இரண்டு மாதத்தில் அடங்கிவிடும். அந்த உயிரின் பசி அடங்காது. அப்போது "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் படி" என்று தாய் அப்பொறுப்பை வாங்கிக்கொள்வதும், இரவோடிரவாகக் கடற்கரையிலோ சந்தையடியிலோ அதனை விட்டுவருவதும் பிள்ளைக்கு ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன: பொறுப்பைக் கைமாற்றலாம், கைவிடலாம் என்ற பாடம். அதனைக் கற்ற பிள்ளைக்கு நாளை நாமே முதியவர்களாக அமர்ந்திருப்போம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இளைஞர்களே! உங்களில் பலர் நாளை வியாபாரிகளாவீர்கள். புறக்கோட்டையிலோ வெளிநாட்டிலோ கடை வைப்பீர்கள். நீங்கள் விற்கும் பொருள் விரைவில் பழுதடைவதால்தான் உங்களுக்கு இலாபம் வருமென்றால், அந்த இலாபத்தை இரண்டு முறை எண்ணிப் பாருங்கள். பொருளோடு அதனைப் பேணும் அறிவையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்கியவர் மீண்டும் வருவது தாமதமாகலாம். ஆனால் அவர் உங்களை நம்பி வருவார்.

அல்லாஹ்வின் பாதையில் குதிரை வளர்த்தவருக்கு, அது மேய்ந்த புல்லும், அவர் நினையாமலே அது அருந்திய நீரும் நன்மையாக எழுதப்படும் என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளது. வாளோ வெற்றியோ அங்கே எண்ணப்படவில்லை. புல்லும் தண்ணீருமே எண்ணப்பட்டன. இன்று மாலை உங்கள் வீட்டு முற்றத்திலுள்ள தண்ணீர்ப் பாத்திரம் காய்ந்திருந்தால் அதனை நிரப்பி வையுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளில் நீ ஒப்படைத்த உயிர்கள் விடயத்தில் எங்களை நம்பிக்கையாளர்களாக ஆக்குவாயாக! அறிந்ததை மறைக்காதவர்களாகவும் அறியாததைக் கேட்டறிபவர்களாகவும் எங்கள் பிள்ளைகளை வளர்க்க அருள் புரிவாயாக! ஆமீன்.